ஒப்படைத்த வேலை

சித்தூரிலிருந்து மேற்கே போகும் சாலை பங்காருபாளையத்தைத் தாண்டியதும் மொகிலி கணவாயில் ஏறத் தொடங்கும். ஏறி முடித்தால் பலமனேர். அங்கே காற்றே வேறாக இருக்கும். ஊட்டி வெள்ளைக்காரர்களுக்குப் பழக்கமாவதற்கு முன்பு, சென்னை வெயிலுக்குத் தப்பி அவர்கள் வந்து தங்கிய ஊர் அது. இன்று அந்த வழியில் தக்காளிக் கூடைகள் அடுக்கிய லாரிகளும் பெங்களூருப் பேருந்துகளும் போகின்றன. 1860களில் மாட்டுவண்டிகளும் குதிரைகளும் போயின. அந்த நாளில் பலமனேருக்கு ஊழியம் செய்ய வந்தவர்களில் ஒருவர் ஜேக்கப் சேம்பர்லின். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஷாரன் என்ற ஊரில் 1835இல் பிறந்தவர். இறையியலும் மருத்துவமும் படித்துவிட்டு, மனைவி ஷார்லட்டுடன் கப்பலேறி, 1860இல் சென்னையில் இறங்கியபோது அவருக்கு வயது 25. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வந்த பயணம் அது.

அவர் வந்து சேர்ந்த ஆற்காடு மிஷனுக்கு அப்போது ஏழு வயதுதான். 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்த ஜான் ஸ்கடரின் மகன்கள் 1853இல் தொடங்கியது அது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை எழுப்பிய ஐடா ஸ்கடர் அந்த ஜானின் பேத்தி. சித்தூர், அன்று, வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர். 1911இல்தான் அது தனி மாவட்டமானது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஊர் அது, அன்றும் இன்றும்.

சேம்பர்லின் பிற்காலத்தில் எழுதிய நூல்களில் புலியும் பாம்பும் வெள்ளமும் நிறைய வரும். அவற்றுக்காகவே அந்த நாளில் அமெரிக்காவில் அந்த நூல்களை வாங்கிப் படித்திருப்பார்கள். எனக்கு அந்தப் பக்கங்களைவிட, இடையிடையே தலைகாட்டும் அன்றாடம்தான் பிடிக்கிறது. 25 வயது இளைஞன் ஒருவன் தெரியாத ஊரில் காலையில் எழுந்து என்ன செய்வான்? மொழி படிப்பான். முன்ஷியின் எதிரே உட்கார்ந்து எழுத்துக்கூட்டுவான். தன் ஊரில் மேடையேறிப் பேசத் தெரிந்தவனுக்கு இங்கே தண்ணீர் கேட்கக்கூட நாக்கு புரளாது. மருத்துவப் பட்டம் வாங்கியவன் குழந்தையைப் போல அகர வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். இறைவன் மேல் இருக்கும் நம்பிக்கையைப் பற்றி நாம் பெரிது பெரிதாகப் பேசுகிறோம். அடுத்த மனிதரின் மொழியை இப்படித் தலைகுனிந்து கற்றுக்கொள்வதைக் காட்டிலும் பெரிய நம்பிக்கைச் செயலை என்னால் சட்டென்று நினைக்க முடியவில்லை. ஒரு நாள் இவர்களோடு பேசுவேன், இவர்களும் பதில் சொல்வார்கள் என்பதற்கு அன்றைக்கு ஒரு சான்றும் கிடையாது.

தெலுங்கு ஓரளவு கைவந்ததும் அவர் செய்த வேலைகளில் ஒன்று, உலகமெங்கும் ஞாயிற்றுப் பள்ளிகளில் பாடப்படும் ஒரு சின்னக் குழந்தைப் பாட்டைத் தெலுங்கில் ஆக்கியது. இயேசு என்னை நேசிக்கிறார் என்கிற பாட்டு. மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். சில நாள்கள் கழித்துக் குறுகலான தெரு ஒன்றில் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது அவர் கேட்டதை அவரே எழுதியிருக்கிறார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு சிறுவன் தொண்டை கிழியப் பாடுகிறான். சுற்றிலும் கூட்டம். பெரியவர் ஒருவர், தம்பி, இதை எங்கே கற்றாய், அந்த இயேசு என்பவர் யார் என்று கேட்கிறார். பையன் தனக்குத் தெரிந்த அளவுக்குப் பதில் சொல்கிறான். பிறகு, இன்னொரு தடவை பாடு என்கிறார்கள். அவன் பாடுகிறான்.

குதிரைமேல் இருந்த இளைஞனுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பாட்டு அவர் இயற்றியதல்ல. தெலுங்கு அவருடையதல்ல. பாடுகிற குரலும் அவருடையதல்ல. தாம் பட்ட பாடு தம்மைவிட்டுப் போய் வேறொருவர் வாயில் உயிரோடு இருப்பதை அவர் பார்த்தார். அப்போது மனதில் எழுவதைப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி என்றுதான் சொல்வேன். அதில் தமக்கென்று வைத்துக்கொள்ள அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

1863இல் அவர் ஒரு பெரும்பயணம் போனார். நான்கு இந்திய உதவியாளர்கள் உடன்வர, நூல்கள் ஏற்றிய வண்டிகளோடு, நிஜாமின் ராஜ்யத்தைக் கடந்து மத்திய மாகாணங்கள்வரை ஏறத்தாழ 1200 மைல். அந்தப் பயணத்தில் மதில் சூழ்ந்த ஊர் ஒன்றில், தெருவில் பாவியிருந்த கற்களையே பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் அவர்களைச் சூழ்ந்தது. சேம்பர்லின், ஒரு கதை சொல்கிறேன், கேட்டுவிட்டு அடியுங்கள் என்றார். இயேசுவின் சிலுவைப்பாடுகளைச் சொன்னார். கதை முடிந்தபோது, கற்களை வைத்திருந்தவர்கள் அவற்றைச் சாக்கடை ஓரம் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள் என்கிறது அவர் நூல். கோதாவரிக் கரைக் காட்டில் நடந்தது இன்னொன்று. செப்டம்பர் வெள்ளம், கிளையாறுகளைக் கடக்கப் படகில்லை, இருட்டுகிற வேளை, புலி உலவும் காடு. இடப்பக்கம் திரும்பி ஆற்றுக்குப் போ என்று உள்ளே ஒரு குரல் தெளிவாகச் சொன்னதாக எழுதுகிறார். வழிகாட்டிகள் அங்கே ஒன்றுமில்லை என்றார்கள். அவர் விடாமல் கேட்டார், அவர்கள் விடாமல் மறுத்தார்கள். போய்ப் பார்த்தால் கரையில் பெரிய படகு ஒன்று கட்டிக்கிடக்கிறது. படகுக்காரர்கள் வெலவெலத்துப் போயிருந்தார்கள். எங்கள் துறையில் கட்டியிருந்தது, அறுத்துக்கொண்டு வந்துவிட்டது, எவ்வளவோ முயன்றும் நிறுத்த முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சினார்கள்.

இதை நம்புவதா வேண்டாமா என்பது படிப்பவர் விருப்பம். அவர் நம்பினார். நான் அவரை நம்புகிறேன். ஆனால் ஒரு மனிதரின் விசுவாசத்தை எடைபோட எனக்கு இந்த இரண்டு நிகழ்ச்சிகள் போதாது. கல்லும் வெள்ளமும் வந்தால் யாரும் கடவுளைக் கூப்பிடுவார்கள். ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமைகளில் ஒருவர் எப்படி இருந்தார்? அந்தப் பயணத்தில் பற்றிய காட்டுக் காய்ச்சல் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை. படுப்பார், எழுவார், மறுபடி படுப்பார். அதே 1863இல் மதனப்பள்ளிக்குப் போய் மிஷன் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். உடல் தேற அமெரிக்காவுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்தார். 1908 மார்ச் 2ஆம் தேதி மதனப்பள்ளியிலேயே இறந்தார். இடையில் 40க்கு மேற்பட்ட ஆண்டுகள். புலிகள் வந்தது அதில் மிகச் சில நாள்கள்தான்.

மதனப்பள்ளியின் காலைகள் எப்படியிருந்தன என்பதை அவர் எழுத்திலிருந்து ஓரளவு பொறுக்கி எடுக்கலாம். விடிவதற்குள் மருந்தகத்து வாசலில் வண்டிகள் வந்து நிற்கும். இரவெல்லாம் பல காத தூரம் வந்தவர்கள். கண் நோய், சீழ் வைத்த கட்டி, காய்ச்சல், பிரசவச் சிக்கல். முதலில் வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் கொஞ்சம் பேசுவார், ஜெபிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பார்ப்பார். சாதி பார்த்துத் தள்ளி நின்றவர்கள், வலி அதிகமானதும் கிட்டே வந்தார்கள். மாலையில் கிராமங்கள். நடுவில் தெலுங்கு வேதாகமத்தைத் திருத்தும் வேலை. ஒரு சொல்லுக்காக அறிஞர்களோடு நாள்கணக்கில் வாதாடும் வேலை அது. மறுநாள் விடிவதற்குள் மறுபடி வண்டிகள்.

இந்த நாள்களுக்கு ஒரு சாட்சி இருக்கிறது. மதனப்பள்ளியில் மிஷன் நடத்திய வாசகசாலையில் ஒரு மாலைப் பேச்சு முடிந்ததும், படித்த பிராமணர் ஒருவர் எழுந்து, தாமாகவே, தம் ஊர்க்காரர்களைப் பார்த்துப் பேசினார். சேம்பர்லின் அதைக் குறித்துவைத்திருக்கிறார். அந்தப் பேச்சின் சாரம் இது. இந்த மனிதர் ஊருக்கு வந்தபோது நாம் முகம் கொடுக்கவில்லை. மருந்தகம் திறந்தார். கீழ்ச்சாதிக்காரர்கள் வேண்டுமானால் அந்த மருந்தைச் சாப்பிடட்டும் என்றோம். நமக்கு நோயும் பயமும் வந்தபோது நாமும் அங்கேதான் போனோம். நம் தெருவில் அவர் கால் வைக்கக் கூடாது என்றோம். பிறகு நம் வீட்டுப் பெண்கள் துடித்தபோது, உள்கட்டுக்கே வாருங்கள் என்று நாமே போய் அழைத்தோம். வந்தார். இன்று அவர்கள் நலமாக இருக்கிறார்கள். இதில் அவருக்கு என்ன லாபம்? மருந்துச் செலவுகூடத் திரும்பியிருக்காது. எது இவரை இப்படிச் செய்ய வைக்கிறது? அவருடைய வேதம்தான். நானும் அதை வாசித்துப் பார்த்திருக்கிறேன், அதற்கு இணையாக நம்மிடம் ஒன்றும் இல்லை என்று முடித்தார் அந்தப் பிராமணர்.

முடிவுரையை சேம்பர்லின் மகிழ்ச்சியோடு எழுதியிருப்பார். மிஷனரி நூலொன்றில் அது வேறெப்படி வரும்? நான் நிற்பது அதற்கு முந்தைய வரிகளில். ஒரு ஊர் தன் பழைய நடத்தையை வரிசையாக எண்ணிப் பார்க்கிறது. முகம் திருப்பியது, இளப்பமாகப் பேசியது, தெருவில் வராதே என்றது, பிறகு கூப்பிட்டது. ஒவ்வொன்றையும் மறைக்காமல் சபை நடுவில் சொல்கிறது. நன்றி சொல்வதற்கு அந்த மனிதருக்கு இருந்த நெஞ்சுரத்தை நினைத்துப் பார்க்கிறேன். மதம் மாறினார் என்று குறிப்பில்லை. மாறாமலே சொன்ன நன்றி அது. ஆகவே எனக்கு அதன் மதிப்பு கூடுகிறது.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். சேம்பர்லினுடைய நூல்களில் நம் மக்கள் அஞ்ஞானிகள். கோயில்கள் இருள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது வலிக்கிறது. அவர் பிறந்த நூற்றாண்டு, வெள்ளையர் ஆட்சி, அமெரிக்காவிலிருந்து காணிக்கை அனுப்பியவர்களுக்கு எழுத வேண்டியிருந்த கட்டாயம், இவையெல்லாம் காரணங்கள்தான். இருந்தும் வலி வலிதான். அதே மனிதர் தெலுங்குக் கவி வேமனாவின் பாடல்களைத் தேடிப் படித்து, ஆங்கிலத்தில் ஆக்கி, தம் பேச்சில் எடுத்தாண்டார். உள்ளம் தூய்மையாகாமல் தீர்த்தமாடி என்ன பயன் என்று கேட்ட வேமனா அவருக்குச் சொந்தக்காரராகத் தெரிந்திருக்கிறார். இருள் என்று எழுதிய கையே அங்கிருந்து ஒரு விளக்கை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் ஒரு மொழியில் அன்றாடம் புழங்கினால் அந்த மொழி நம்மைச் சும்மா விடாது.

சேம்பர்லின் குறித்து யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு இளைஞர் நினைவுக்கு வருகிறார். அவரும் இதே நாட்டுக்கு வேறிடத்திலிருந்து அனுப்பப்பட்டவர். கர்நாடகத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்து, அங்கிருந்து திருமலைக்கு வந்தவர். காலம் மட்டும் ஏழெட்டு நூற்றாண்டு முந்தியது. அனந்தாழ்வான்.

வைணவக் குருபரம்பரைக் கதைகள் சொல்வது இது. ஸ்ரீரங்கத்தில் இராமானுசர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார். திருவேங்கடத்துப் பாசுரம் வருகிறது. அந்த மலையில் பூப்பறித்து, மாலை கட்டிச் சாத்த ஆளில்லையே என்று கண்கலங்குகிறார். குளிர் தாங்கிக்கொண்டு அங்கே போய் நந்தவனம் வைக்க உங்களில் யாராவது உண்டா என்று கேட்கிறார். அன்றைய திருமலை என்றால் காடு, பனி, விலங்கு. சபை பேசாமல் இருக்கிறது. அனந்தாழ்வான் எழுந்து, அடியேன் போகிறேன் என்கிறார். நீயல்லவா ஆண்பிள்ளை என்று ஆசார்யர் தழுவிக்கொள்கிறார். அவ்வளவுதான். அதற்குமேல் பிரசங்கம், பயிற்சி, ஆசி எதுவும் கதையில் இல்லை. மனைவியோடு புறப்பட்டுவிடுகிறார்.

மலைக்கு வந்து, நிலம் திருத்தி, இராமானுசன் என்று ஆசார்யரின் பேரையே நந்தவனத்துக்கு வைத்தார். செடிக்குத் தண்ணீர் வேண்டும், ஏரி வெட்ட வேண்டும். அவர் வெட்ட, நிறைமாத கர்ப்பிணியான மனைவி கூடையில் மண் சுமந்து போய்க் கொட்டினார். ஆளுக்குக் கூலி கொடுத்துச் செய்யவில்லை, இது எங்களிடம் ஒப்படைத்த வேலை என்று வைத்துக்கொண்டார்கள். அம்மா படும் பாட்டைப் பார்த்து ஒரு சிறுவன் வந்து கூடையை வாங்கிக்கொண்டான். கூடை சீக்கிரம் சீக்கிரம் திரும்பி வருவதைக் கவனித்த அனந்தாழ்வான் சங்கதி தெரிந்து கடுங்கோபம் கொண்டார். எங்கள் கைங்கர்யத்தில் பங்கு கேட்க நீ யார் என்று கடப்பாரையை வீச, அது பையனின் மோவாயில் பட்டது. பையன் ஓடிவிட்டான். கோயிலில் பார்த்தால் திருவேங்கடமுடையானின் மோவாயில் ரத்தம் வழிகிறது. காயத்துக்குப் பச்சைக் கற்பூரம் வைத்தார்கள். இன்றும் பெருமாளின் மோவாயில் பச்சைக் கற்பூரம் வைக்கிறார்கள். அந்தக் கடப்பாரை பெரிய வாசலில் உள்ளே நுழையும்போது வலப்பக்கம் தொங்குகிறது. தள்ளுமுள்ளில் பலரும் அதைப் பார்க்காமலே போய்விடுகிறோம்.

கதையைப் பக்தியின் அதிசயமாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் ஒரு பெண் நிறைவயிற்றோடு மண் சுமந்தாள் என்பது எனக்கு உறுத்துகிறது. அந்தப் பிள்ளைக்கும் அதுதான் உறுத்தியிருக்கிறது. கணவர் கோபித்துக்கொள்கிறார், கடவுள் கூடையை வாங்குகிறார். சம்பிரதாயம் அனந்தாழ்வானைப் போற்றிக்கொண்டே, யார் பக்கம் கருணை நின்றது என்பதையும் மறைக்காமல் வைத்திருக்கிறது. எந்தச் சமயத்து இளம் ஊழியக்காரரும் இந்தக் கதையை ஒரு தடவை நிதானமாகக் கேட்பது நல்லது. வேலையின்மேல் உள்ள பற்றே பக்கத்தில் இருப்பவரின் களைப்பைப் பார்க்கவிடாமல் செய்துவிடும். ஷார்லட் சேம்பர்லினைப் பற்றி அவர் கணவரின் நூல்கள் எவ்வளவு குறைவாகச் சொல்கின்றன என்பதும் அப்போது நினைவுக்கு வருகிறது. கடல் கடந்து வந்தது இருவரும்தான். அந்தக் காய்ச்சல் படுக்கையின் பக்கத்தில் இருந்திருக்கக்கூடியவர் வேறு யார்?

அனந்தாழ்வானைப் பற்றிய வேறு கதைகள் எனக்கு இன்னும் நெருக்கமானவை. ஒரு நாள் மாலை கட்டிக்கொண்டிருக்கும்போது பெருமாள் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார். இவர் எழுந்திருக்கவில்லை. மொட்டு மலர்ந்துவிடும் முன் தொடுத்தாக வேண்டும். முடித்துவிட்டுத்தான் போகிறார். நான் கூப்பிட்டும் வரவில்லையே என்கிறார் பெருமாள். என் ஆசார்யர் எனக்குச் சொன்னது பூத்தொண்டு, அது முடியாமல் உம்மிடம் எனக்கு என்ன வேலை என்கிறார் இவர். இந்த மலையை விட்டுப் போ என்று சொன்னால்? நீர் எனக்குச் சற்று முன்னால் இங்கே வந்தவர், அவ்வளவுதானே, மலை உம்முடையதா என்று கேட்டுவிட்டார்.

கேட்டவுடன் சிரிப்பு வரும் கதை. உள்ளே போனால் அதில் இருக்கும் சுதந்திரம் வியக்க வைக்கிறது. கடவுளே நேரில் நின்றாலும், கையில் இருக்கிற பூவுக்கு முதலிடம். தரிசனம் வேண்டித் தொண்டு செய்பவர் அல்ல அவர். தொண்டு கிடைத்துவிட்டது, அதோடு அவர் கணக்கு தீர்ந்தது. பாக்கி ஒன்றுமில்லாதவர் யாரிடமும், சாமியிடமும்கூட, அச்சமில்லாமல் பேசலாம்.

பூப்பறிக்கையில் பாம்பு தீண்டியபோதும் அப்படித்தான். மருந்து வேண்டாம் என்றார். பாம்புக்கு வலிமை அதிகமென்றால் விரஜை ஆற்றில் நீராடி வைகுண்டத்தில் தொண்டு செய்வேன், எனக்கு வலிமை அதிகமென்றால் இந்த மலைக் கோனேரியில் நீராடி இங்கே தொண்டு செய்வேன் என்றாராம். இன்றைக்குப் பாம்பு கடித்தவர் யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆனால் அந்தப் பதிலின் அமைதியை நான் இழக்க விரும்பவில்லை. எந்தக் கரையில் இறங்கினாலும் மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்ற நிச்சயம் அது. மரணத்தைப் பற்றிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை.

அடுத்தது எறும்புக் கதை. மலையிலிருந்து இறங்கிப் பயணம் போனவர், அடிவாரத்தில் கட்டுச்சோற்றை அவிழ்த்துப் பார்த்தால் எறும்பு மொய்த்திருக்கிறது. உதறிவிட்டுச் சாப்பிடலாம். அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி மலையேறி, எடுத்த இடத்திலேயே எறும்புகளை விட்டுவிட்டு வந்தார். குலசேகராழ்வார் இந்த மலையில் பறவையாக, மீனாக, மரமாக, வாசற்படியாக, ஏதாவது ஒன்றாகப் பிறந்தால் போதும் என்று பாடியிருக்கிறார். அப்படி வேண்டிக்கொண்டு வந்து பிறந்தவர்கள் இந்த எறும்புகளில் இருந்தால்? அவர்களை மலையிலிருந்து பிரித்துக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை? வயிற்றுப் பசியோடு அந்தச் செங்குத்தான வழியில் திரும்ப ஏறிய கால்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். இடம் கிடைத்ததற்கான நன்றி ஒருவருக்குள் இவ்வளவு நிறைந்திருந்தால், தனக்குக் கிடைத்தது ஓர் எறும்புக்கும் கிடைக்கட்டும் என்று தோன்றுமோ என்னவோ.

சேம்பர்லினும் அனந்தாழ்வானும் ஒன்று என்று சொல்ல நான் வரவில்லை. ஒருவர் மற்றவர்களை மாற்ற வந்தார். மற்றவர் யாரையும் மாறச் சொல்லவில்லை, பூச்செடி வைத்தார். ஒருவருக்குப் பின்னால் கடல் கடந்த சபையும் பணமும் இருந்தன. மற்றவருக்கு ஆசார்யரின் ஒரு வார்த்தை மட்டும் இருந்தது. பக்கத்தில் உட்கார வைத்தால் இருவருமே ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்க மாட்டார்கள். ஆனால் அவர்களின் நாளைப் பாருங்கள். விடியுமுன் எழுவது, நேற்றுச் செய்ததையே இன்றும் செய்வது, பலன் கண்ணுக்குத் தெரியாமல் போவது, உடம்பு ஒத்துழைக்காதது, மறுநாளும் எழுவது. நம்பிக்கை எனக்கு எளிதில் வருவதில்லை. பிரசங்கம் கேட்டு வந்ததில்லை, வாதம் செய்து வந்ததில்லை. இப்படி நாளைக் கழிக்கிறவர்களைப் பற்றிப் படிக்கும்போதும், அவர்கள் பக்கத்தில் சற்று நேரம் இருக்கும்போதும்தான் அது எனக்குள் கொஞ்சம் அசைகிறது.

அனுப்ப ஆளே இல்லாமல் புறப்பட்டவர்களும் இந்த மண்ணில் உண்டு. மதனப்பள்ளிப் பக்கத்துத் தரிகொண்டாவில் 18ஆம் நூற்றாண்டில் பிறந்த வெங்கமாம்பா சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். தலைமயிரைக் களைந்து மூலையில் உட்கார மறுத்தார். ஊர் பேசியது. எந்த சபையும் அவருக்கு வழிச்செலவு தரவில்லை, எந்த ஆசார்யரும் சபை நடுவில் தழுவிக்கொள்ளவில்லை. திருமலைக்குப் போனார், தெலுங்கில் நூல்கள் பாடினார், வந்தவர்களுக்குச் சோறு போட்டார். இன்று திருமலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் அன்னப்பிரசாதக் கூடம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இரவில் நடை சாத்தும் ஏகாந்த சேவையில் அவருடைய முத்து ஆரத்தி உண்டு. ஒரு பெண்ணை மங்கலத்துக்கு ஆகாதவள் என்று ஒதுக்கிய உலகத்தில், பெருமாளுக்கு நாளின் கடைசி மங்கலம் அவள் பெயரில் நடக்கிறது. இந்த மூவரில் யார் மேல் எனக்கு மரியாதை அதிகம் என்று கேட்டால் தயங்காமல் வெங்கமாம்பாவைச் சொல்வேன். மற்ற இருவருக்கும், உன்னால் முடியும் என்று சொல்ல ஒருவராவது இருந்தார்.

இன்றும் திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து நடந்து ஏறுகிறவர்கள் நடுவில் சில பெண்களைப் பார்க்கலாம். கையில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் குனிந்து பொட்டு வைத்துக்கொண்டே போவார்கள். படிகள் 3550. குனிந்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நிமிர்ந்து, அடுத்த படி. பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கி ஏறிப் போய்விடுவார்கள். வேண்டுதல் நிறைவேறியதற்காகச் செய்கிறோம் என்பார்கள் கேட்டால். மகனுக்கு வேலை, மகளுக்குக் குழந்தை, தனக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காரணம் சின்னதாக இருக்கும், படிகள் அத்தனையும் இருக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும் ஒரு அம்மாவிடம், பாதிப் படியோடு நிறுத்தினால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே புரியாமல் பார்ப்பார். கோபம், பயம் என்ற கணக்கில் அவர் அதைச் செய்யவே இல்லை.

மேலே போனால் சேவைத் துண்டு போட்ட தொண்டர்கள் இருப்பார்கள். 2000ஆம் ஆண்டில் திருமலை தேவஸ்தானம் தொடங்கிய ஸ்ரீவாரி சேவை. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் எங்கிருந்தும் வருகிறார்கள். அதில் இளைஞர்கள் நிறைய. கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள், கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். சம்பளம் கிடையாது. காய் நறுக்குவார்கள், பந்தியில் பரிமாறுவார்கள், வரிசையில் நிற்கும் கிழவிக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், பூ தொடுப்பார்கள். மூட்டை மூட்டையாக வரும் காயை அரிந்து தள்ளும்போது முதுகு விட்டுப்போகும், விரலில் கத்தி படும். ஒரு வாரம். அதில் தரிசனத்துக்கென்று ஒதுக்கப்படும் நேரம் சில நிமிடங்கள். மீதியெல்லாம் கத்தியும் காயும் தட்டும் வாளியும்தான். வாரம் முடிந்து கீழே இறங்குகிற நாளில் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, பதிவு அடுத்த தடவை எப்போது திறக்கும், நம் குழுவுக்கு மறுபடி அன்னதானக் கூடமே கிடைக்குமா என்பதைத்தான்.